விகன் கோப்பையைத் தூக்கிய சீசன்: 2012–13 எஃப்.ஏ. கோப்பை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2013 மே 11 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டியை 1–0 என்று வீழ்த்தி விகன் அத்லெடிக், இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. மூன்றே நாளில், மே 14 அன்று, அதே அணி பிரீமியர் லீக்கில் இருந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கிப் போனது. ஒரே சீசனில் இந்தக் கோப்பையையும் வென்று, லீக்கில் இருந்து தரமும் இறங்கிய முதல் அணி விகன்தான். இது எப்படி நடந்தது என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

எஃப்.ஏ. கோப்பையும் பிரீமியர் லீக்கும் ஒன்றா?

இல்லை. பிரீமியர் லீக்கில் 20 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டம். ஆகஸ்டில் இருந்து மே வரை புள்ளி சேர்க்க வேண்டும். எஃப்.ஏ. கோப்பை நாக்-அவுட்; தோற்றால் வெளியே. 1871–72இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பைப் போட்டி இதுதான். இரண்டும் ஒரே சீசனில் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும். சனிக்கிழமை லீக் ஆட்டம், அடுத்த வாரம் கோப்பை ஆட்டம் என்று ஒரே அணி மாறி மாறி ஆடும்.

மொத்தம் எத்தனை அணிகள் கலந்துகொண்டன?

758. இந்த எண்ணைப் பார்த்ததும் பலர் நம்புவதில்லை. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள் ஆடும் ஊர் அணிகளும் இதில் உண்டு. அவர்களுக்குப் போட்டி ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிடும்.

தகுதிச் சுற்றுகள் மட்டும் ஆறு. அவற்றைத் தாண்டிய 32 அணிகளோடு, மூன்றாம் நான்காம் அடுக்கில் இருக்கும் 48 அணிகள் முதல் சுற்றில் வந்து சேரும். ஆக 80. அது இரண்டாம் சுற்றில் 40 ஆகி, மூன்றாம் சுற்றுக்கு 20 மிஞ்சும். ஜனவரியில் நடக்கும் அந்த மூன்றாம் சுற்றில்தான் பிரீமியர் லீக்கின் 20 அணிகளும், அதற்கு அடுத்த சாம்பியன்ஷிப் டிவிஷனின் 24 அணிகளும் உள்ளே வரும். மொத்தம் 64. யாருக்கு யார் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். பெரிய அணிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. குலுக்கலில் முதலில் பெயர் வரும் அணி சொந்த மைதானத்தில் ஆடும், அவ்வளவுதான். இந்தக் கோப்பையின் உயிரே அந்தக் குலுக்கலில் இருக்கிறது.

டிரா ஆனால் என்ன செய்வார்கள்?

அந்த சீசனில் மறு ஆட்டம் உண்டு. முதல் ஆட்டம் டிரா என்றால் எதிரணியின் மைதானத்தில் இன்னொரு நாள் மறுபடி ஆட வேண்டும். அதுவும் சமன் என்றால் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. அரையிறுதிக்கும் இறுதிக்கும் மட்டும் மறு ஆட்டம் கிடையாது.

2024–25 சீசனில் இருந்து முதல் சுற்று தொடங்கி மறு ஆட்டத்தையே எடுத்துவிட்டார்கள். இது சின்ன அணிகளுக்குப் பெரிய இழப்பு. உதாரணத்துக்கு, 2013 ஜனவரியில் மூன்றாம் டிவிஷனில் இருந்த பிரென்ட்ஃபோர்டு, நடப்புக் கோப்பைச் சாம்பியன் செல்சியோடு 2–2 டிரா செய்தது. அதனால் செல்சியின் மைதானத்தில் இன்னொரு ஆட்டம் கிடைத்தது. அங்கே 4–0 என்று தோற்றார்கள். ஆனால் அந்த ஒரு மாலையின் டிக்கெட் வசூலில் கிடைக்கும் பங்கு அந்த அளவிலான கிளப்புக்குச் சாதாரணப் பணமல்ல.

அந்த சீசனில் பெரிய அதிர்ச்சிகள் என்னென்ன?

லூட்டன் டவுனில் ஆரம்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் முதல் டிவிஷனில் இருந்த அணி. பணச் சிக்கல், புள்ளிக் குறைப்பு என்று சரிந்து சரிந்து ஐந்தாம் அடுக்கு வரைக்கும் போய்விட்டது. 2008–09இல் மட்டும் 30 புள்ளிகள் பிடுங்கப்பட்டன. அந்த லூட்டன் மூன்றாம் சுற்றில் உல்வர்ஹாம்ப்டனை 1–0 என்று தோற்கடித்தது. அடுத்து ஜனவரி 26 அன்று பிரீமியர் லீக் அணியான நாரிச் சிட்டியின் மைதானத்துக்குப் போனது. 80ஆவது நிமிடத்தில், மாற்று ஆட்டக்காரராக வந்த ஸ்காட் ரெண்டல், ஓரத்தில் இருந்து வந்த கிராஸ் ஒன்றுக்குள் பாய்ந்து கோல் அடித்தார். 1–0. முதல் டிவிஷன் அணி ஒன்றை லீக்கின் நான்கு அடுக்குக்கும் வெளியே இருக்கும் அணி ஒன்று வீழ்த்தியது 1989க்குப் பிறகு அதுவே முதல் தடவை. அப்போது சட்டன் யுனைடெட் கவன்ட்ரியை வீழ்த்தியிருந்தது. அப்புறம் லூட்டன் மெதுவாக ஏறி 2023இல் பிரீமியர் லீக்குக்கே வந்தது.

மறுநாளே ஓல்டம். மூன்றாம் டிவிஷனில் திணறிக்கொண்டிருந்த அணி லிவர்பூலை 3–2 என்று அனுப்பிவைத்தது. நெட்டையான மேட் ஸ்மித் இரண்டு கோல். அதோடு நிற்கவில்லை, அடுத்த சுற்றில் எவர்ட்டனுக்கு எதிராக இன்ஜுரி டைமின் (90 நிமிடத்துக்குப் பிறகு சேர்க்கும் நேரம்) கடைசியில் அதே ஸ்மித் தலையால் முட்டி 2–2 ஆக்கினார். மறு ஆட்டத்தில் எவர்ட்டன் 3–1 என்று தப்பித்தது.

மேக்லஸ்ஃபீல்டு என்ற ஐந்தாம் அடுக்கு அணி, சாம்பியன்ஷிப்பில் முன்னணியில் இருந்த கார்டிஃபை 2–1 என்று தோற்கடித்தது. ஏழாம் அடுக்கில் இருந்த ஹேஸ்டிங்ஸ் யுனைடெட் மூன்றாம் சுற்று வரை வந்து மிடில்ஸ்பரோவிடம் 4–1 என்று தோற்றது. அந்த நிலையில் ஆடும் அணிக்கு மூன்றாம் சுற்று என்பதே பெரிய விஷயம்.

விம்பிள்டன், எம்.கே. டான்ஸ் ஆட்டத்தை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

பழைய விம்பிள்டன் அணி 1988இல் லிவர்பூலை வீழ்த்தி இதே கோப்பையை வென்ற அணி. அதை மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு இடம் மாற்ற 2002இல் அனுமதி கொடுத்தார்கள். ஊரை விட்டு அணி போவதை ஏற்க முடியாத ரசிகர்கள் உடனே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புது அணியைத் தொடங்கி, ஏறக்குறைய அடிமட்டத்தில் இருந்து ஆடத் தொடங்கினார்கள். இடம் மாறிப் போன அணி எம்.கே. டான்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பத்து வருடம் இரண்டும் சந்திக்கவில்லை. எஃப்.ஏ. கோப்பை இரண்டாம் சுற்றுக் குலுக்கலின்படி 2012 டிசம்பர் 2 அன்று இரண்டும் நேருக்கு நேர் மோதின. அந்த மைதானத்துக்குள் காலே வைக்க மாட்டோம் என்று ஒதுங்கிய விம்பிள்டன் ரசிகர்களும் உண்டு, நம் அணி ஆடும்போது நாம் இருக்க வேண்டாமா என்று போனவர்களும் உண்டு. 1–1 என்று மறு ஆட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, இன்ஜுரி டைமில் எம்.கே. டான்ஸின் ஜான் ஒட்செமோபோர் குதிகாலால் தட்டிய பந்து வளைந்து வலைக்குள் போனது. 2–1. நடுநிலையாகப் பார்ப்பவர்களுக்கே நெஞ்சு வலித்த முடிவு அது.

இந்திய முதலாளிகளின் அணி ஒன்று ஆர்சனலை வீழ்த்தியதாமே?

ஆமாம், பிளாக்பர்ன் ரோவர்ஸ். புனேயைச் சேர்ந்த வெங்கீஸ் கோழிப் பண்ணை நிறுவனம் 2010இல் வாங்கிய கிளப். 2012இல் பிரீமியர் லீக்கில் இருந்து இறங்கி, மேனேஜர் மாற்றங்களில் குழம்பிக் கிடந்த நேரம். ஐந்தாம் சுற்றில் ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானத்தில் காலின் காசிம்-ரிச்சர்ட்ஸ் அடித்த ஒரே கோலில் 1–0 வெற்றி. அடுத்த சுற்றில் மில்வாலிடம் மறு ஆட்டத்தில் தோற்று வெளியேறினார்கள்.

விகன் இறுதி வரை எப்படி வந்தது?

ஆரவாரம் இல்லாமல். மூன்றாம் சுற்றில் மூன்றாம் டிவிஷன் அணியான போர்ன்மத்தோடு சொந்த மைதானத்தில் 1–1. மறு ஆட்டத்தில் 1–0. நான்காம் சுற்றில் மேக்லஸ்ஃபீல்டை ஒரு பெனால்டி கோலில் கடந்தார்கள். இந்த ஆட்டங்களில் மேனேஜர் ராபர்ட்டோ மார்ட்டினெஸ் வழக்கமாக லீக்கில் ஆடாதவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தார். லிவர்பூல் பக்கம் ஹைட்டனில் பிறந்த கேலம் மெக்மனமன் என்ற இளம் விங்கர் (ஓரத்தில் ஆடித் தாக்குபவர்) அப்படித்தான் முன்னுக்கு வந்தார். ஐந்தாம் சுற்றில் ஹடர்ஸ்ஃபீல்டை 4–1, காலிறுதியில் எவர்ட்டனை அவர்கள் மைதானத்திலேயே 3–0, வெம்ப்ளியில் நடந்த அரையிறுதியில் மில்வாலை 2–0.

குலுக்கல் விகனுக்குச் சாதகமாக விழுந்ததுதானே காரணம்?

பாதி உண்மை. காலிறுதிக்கு முன்பு அவர்கள் சந்தித்த மூன்று எதிரிகளில் ஒன்றுகூட பிரீமியர் லீக் அணி இல்லை. ஆனால் எவர்ட்டனும் மான்செஸ்டர் சிட்டியும் குலுக்கலால் விழவில்லை. அந்த இரண்டு ஆட்டத்திலும் விகன் ஒரு கோல்கூட வாங்கவில்லை. மற்ற பக்கமோ, சிட்டியும் அரையிறுதிக்கு முன்பு வாட்ஃபோர்டு, ஸ்டோக், லீட்ஸ், பார்ன்ஸ்லி என்றுதான் வந்தது. இதில் ஸ்டோக் மட்டுமே பிரீமியர் லீக் அணி. அதை யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்வதில்லை.

இறுதிப் போட்டியில் உண்மையில் என்ன நடந்தது?

மாலை 5.15க்கு, இந்தியாவில் இரவு 9.45க்கு, ஆட்டம் தொடங்கியது. மைதானத்தில் 86,254 பேர். ஒரு பக்கம் முந்தைய வருட லீக் சாம்பியன். யாயா டூரே, டேவிட் சில்வா, அகுவேரோ, டெவெஸ். இன்னொரு பக்கம் கிடைத்தவர்களை வைத்து ஒப்பேற்றிய அணி. தற்காப்பில் பலர் காயத்தில் இருந்ததால் நடுக்களத்தில் ஆடும் ரோஜர் எஸ்பினோசா இடது ஓரத்தைக் காத்தார்.

ஆனால் விகன் பின்னால் குந்திக்கொண்டு ஆடவில்லை. பந்தைத் தரையில் வைத்துப் பாஸ் செய்தார்கள். வலது ஓரத்தில் மெக்மனமன் திரும்பத் திரும்ப சிட்டியின் கிளிஷியைத் தாண்டிப் போனார். முதல் பாதியில் டெவெஸ் கிட்டத்தில் இருந்து அடித்த பந்தைக் கோல்கீப்பர் ஹோயல் ரோப்ளெஸ் காலால் தடுத்தார். ஜனவரியில் அட்லெடிக்கோ மாட்ரிடில் இருந்து தற்காலிகமாக, லோனில் வந்தவர் அவர். நீண்ட நாள் முதல் தேர்வாக இருந்த ஓமன் வீரர் அலி அல் ஹப்சி அன்று பெஞ்சில். இரண்டாம் பாதியில் மழை. ஷான் மலோனியின் ஃப்ரீ கிக் கிராஸ்பாரில் பட்டது. 84ஆவது நிமிடத்தில் தனியாக ஓடிய மெக்மனமனைக் கீழே தள்ளி, சிட்டியின் சபலேட்டா இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். எஃப்.ஏ. கோப்பை இறுதியின் வரலாற்றில் சிவப்பு அட்டை பெற்ற மூன்றாவது ஆட்டக்காரர் அவர். அதற்கு முன்பு 1985இல் கெவின் மோரன், 2005இல் ரேயஸ்.

அதற்குச் சில நிமிடம் முன்புதான் விகனின் பென் வாட்சன் மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்தார். நவம்பரில் கால் முறிந்து பல மாதம் படுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியவர். 90ஐத் தாண்டி முதல் நிமிடம், வலது பக்கம் கார்னர். மலோனி தாழ்வாகவும் வேகமாகவும் அனுப்பினார். வாட்சன் கம்பத்துக்கு அருகே ஓடி, காவலுக்கு நின்ற ராட்வெல்லுக்கு ஒரு அடி முந்தி, பந்தை முன்னுக்கு முட்டாமல் பின்பக்கமாகத் தலையால் தேய்த்துவிட்டார். பந்து சிட்டி கோல்கீப்பர் ஜோ ஹார்ட்டின் தலைக்கு மேலே வலைக்குள். முன்னால் முட்டியிருந்தால் அந்தக் கோணத்தில் கோல் வந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆட்டநாயகன் மெக்மனமன். அன்றைய கேப்டன் எமர்சன் பாய்ஸும், அன்று ஆடாத கிளப் கேப்டன் கேரி கால்டுவெல்லும் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள்.

சிட்டி அன்று மனசு வைத்து ஆடவில்லை என்கிறார்களே?

மேனேஜர் மன்சினியின் வேலை போகப் போகிறது என்ற செய்தி ஆட்ட நாள் காலையிலேயே பரவியிருந்தது. இரண்டு நாளில், மே 13 அன்று, அவரை நீக்கியும் விட்டார்கள். அந்தக் குழப்பம் அணியைப் பாதித்திருக்கும். ஆனால் ஏப்ரல் 17 லீக் ஆட்டத்தைப் பாருங்கள். அப்போது மன்சினி விவகாரம் இந்த அளவுக்கு இல்லை, சொந்த மைதானம் வேறு. அப்படியிருந்தும் சிட்டி விகனை வெல்ல 83ஆவது நிமிடத்தில் டெவெஸின் கோலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. சிட்டிக்கு எதிராக எப்படி ஆட வேண்டும் என்பது விகனுக்கு முன்பே புரிந்திருந்தது. வெம்ப்ளி வெற்றியை எதிராளியின் சோம்பல் கணக்கில் எழுதுவது அநியாயம்.

அணியை மைதானத்துக்குள் அழைத்து வந்த முதியவர் யார்?

கிளப்பின் அன்றைய உரிமையாளர் டேவ் வீலன். 1960 இறுதிப் போட்டியில் பிளாக்பர்னுக்காக இதே வெம்ப்ளியில் ஆடியவர். முதல் பாதி முடியும் நேரத்தில் கால் முறிந்தது. அன்று மாற்று ஆட்டக்காரர் முறையே இல்லாததால் பிளாக்பர்ன் மீதி ஆட்டத்தைப் பத்துப் பேரோடு ஆடி, உல்வர்ஹாம்ப்டனிடம் 3–0 என்று தோற்றது. பிறகு வியாபாரத்தில் இறங்கிச் சம்பாதித்து 1995இல் விகனை வாங்கினார். அப்போது அது நான்காம் அடுக்கு அணி. 1978 வரைக்கும் தேசிய லீக்கிலேயே இடம் இல்லாத கிளப் அது. பத்து வருடத்தில், 2005இல், பிரீமியர் லீக்குக்கு வந்தது. கால் முறிந்த மைதானத்துக்கு 53 வருடம் கழித்து அணியின் தலைவராக நடந்து வந்தவருக்கு, கால் முறிந்து திரும்பிய ஒருவர் கோப்பையை வென்று கொடுத்தார்.

கோப்பையில் கவனம் வைத்ததால்தான் லீக்கில் இறங்கினார்களா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. என் பதில்: இல்லை.

லீக் அட்டவணையைப் பார்த்தால் போதும். விகன் 36 புள்ளிகளோடு 18ஆவது இடம். 38 ஆட்டத்தில் வாங்கிய கோல் 73. சராசரியாக ஆட்டத்துக்கு இரண்டு கோலுக்குக் கொஞ்சம் குறைவு. மே மாதத்தில் வந்த நோய் அல்ல இது. தற்காப்பாளர் இவான் ரமிஸ் ஜனவரியிலேயே முழங்கால் காயத்தால் சீசனை இழந்தார். அவருக்குப் பின்னும் காயப் பட்டியல் நீண்டது. அதற்கு முந்தைய வருடம் கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழை வென்று தப்பித்தார்கள். அதே மாதிரி இந்த வருடமும் ஏப்ரலில் எழுந்துவிடுவோம் என்ற நம்பிக்கை இருந்தது. எழவில்லை.

இறுதிக்கு நான்கு நாள் முன்பு, மே 7 அன்று, சொந்த மைதானத்தில் ஸ்வான்சியிடம் 3–2 என்று தோற்றார்கள். முன்னிலையில் இருந்து நழுவிய ஆட்டம். இறங்கியதற்கு அந்த ஒரு மாலைதான் உடனடிக் காரணம். மே 14 அன்று ஆர்சனலிடம் 4–1 தோல்வி அதை உறுதி செய்தது. மூன்று நாள் இடைவெளியில் ஆடியது களைப்பைக் கூட்டியிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் கோப்பையே இல்லாவிட்டாலும் அந்தத் தற்காப்பு 38 ஆட்டத்தைத் தாங்கியிருக்காது. ஆறேழு நல்ல நாட்கள் இருந்தால் கோப்பை கிடைக்கும். லீக்குக்கு அது போதாது. சிட்டி அந்த சீசனை 78 புள்ளிகளோடு முடித்தது. 42 புள்ளி வித்தியாசம் இருந்த இரண்டு அணிகளில், அந்தத் தொண்ணூறு நிமிடத்தில் சிறந்த அணி விகன். இரண்டு தீர்ப்பும் சரியானவைதான்.

லீக் முடிவதற்கு முன்பே இறுதிப் போட்டி ஏன் வந்தது?

மே 25 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதியும் வெம்ப்ளியில்தான். அதற்கு மைதானத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்தது. லீக் எல்லாம் முடிந்த பிறகு சீசனின் கடைசி ஆட்டமாக எஃப்.ஏ. கோப்பை இறுதி நடக்கும் பழைய வழக்கம்தான் அழகு.

வென்றதற்கு என்ன கிடைத்தது?

இறுதி வெற்றிக்கு 18 லட்சம் பவுண்டு. கூடவே ஐரோப்பாவின் யூரோப்பா லீக்கில் இடம். ஆக, 2013–14இல் விகன் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டே ரூபின் கசான், மரிபோர், சுல்டே வாரெகெம் ஆகிய அணிகளோடு ஐரோப்பாவில் ஆடியது. குழுவில் கடைசி இடம். ஆனாலும் அதே சீசனில் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதியில் மறுபடியும் சிட்டியை, இந்தத் தடவை சிட்டியின் மைதானத்திலேயே, 2–1 என்று தோற்கடித்தார்கள்.

நான்காம் டிவிஷன் பிராட்ஃபோர்டு இறுதிக்கு வந்தது இந்த சீசனில்தானே?

அதே சீசன்தான், ஆனால் அது லீக் கோப்பை என்ற வேறு போட்டி. இறுதியில் ஸ்வான்சியிடம் 5–0 என்று தோற்றார்கள்.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருந்தால் எதைப் பார்ப்பது?

இறுதியைச் சொல்ல மாட்டேன். மார்ச் 9 அன்று நடந்த எவர்ட்டன்–விகன் காலிறுதியைப் பாருங்கள், முதல் பாதி போதும். 30ஆவது நிமிடம் கார்னரில் இருந்து ஃபிகெரோவா தலையால் முட்டி ஒன்று. அடுத்த நிமிடமே எவர்ட்டனின் நெவில் பின்னால் கொடுத்த தளர்வான பாஸ் மெக்மனமனிடம் மாட்டியது. முன்னால் ஓடி வந்த கோல்கீப்பரின் தலைக்கு மேலே நிதானமாகத் தூக்கிப் போட்டார். 33ஆவது நிமிடம் ஹோர்டி கோமெஸ் பெனால்டி பெட்டிக்கு வெளியே இருந்து தாழ்வாக வளைத்து மூன்றாவது. இடைவேளைக்கு எவர்ட்டன் ஆட்டக்காரர்கள் சொந்த ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே உள்ளே போனார்கள். அந்த மைதானத்தில் அன்று விகனின் மேனேஜராக நின்ற மார்ட்டினெஸை, ஜூன் மாதம் எவர்ட்டன் தன் மேனேஜராக்கிக்கொண்டது.